பாட்டனார் வைத்த பனை

ஆண்டு முழுவதும் நூலும் தேர்வுமாகக் கழித்த மாணவர்க்குக் கோடை விடுமுறை ஒரு கொடையாகும். உடல் ஓய்வு பெறுதல் அதன் முதற்பயன். பிரிந்து வாழும் உறவினரைக் கண்டு அளவளாவுதல் இரண்டாம் பயன். பள்ளியறையிற் கிடைத்தற்கரிய அறிவைத் திறந்த வெளியிலே பெறுதல் மூன்றாம் பயன். இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கும் இடம் பாட்டனும் பாட்டியும் வாழும் சிற்றூரேயாகும். சென்னையிலிருந்து தென்பாண்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்ற சிறார் இருவர், அங்கே கண்டனவும் கேட்டனவும் இப்பாடத்தில் கூறப்படுகின்றன.

தூத்துக்குடி மாவட்டத்திலே, திருச்செந்தூருக்குத் தென்மேற்கில் உடன்குடி என்னும் பேரூர் உளது. அதனைச் சூழ்ந்த பகுதி பனைவளம் மிக்கது. கடற்கரைக்கு உட்புறமாகச் செம்மணல் மேடுகள் அலையலையாகப் பரந்து கிடக்கும். அவற்றைத் ‘தேரி’ என்று வழங்குவர் அந்நாட்டு மக்கள். இரும்புத்துரு படிந்திருத்தலின் அம்மணல் செந்நிறம் பெற்றது. காற்று வீசுந்தோறும் மணல் ஓரிடம் விட்டு மற்றோரிடம் பெயரும். மழை பெய்தால் நீர் மேலே தங்காது விரைவில் உள்ளே இறங்கிவிடும். நெற்பயிர் தழைத்தற்கு ஏலாத அந்நிலத்திலே நிமிர்ந்து நின்று மக்களுக்கு வாழ்வளிப்பது பனை. அங்கே காய்ச்சப்படும் கருப்பட்டி தமிழகமெங்கும் பெயர் பெற்றது. 2023ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடும் பெற்றது.

உடன்குடிக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவர் தம் மனைவியாருடன் வாழ்ந்து வந்தார். இளமையில் அவர் பனையேறும் தொழில் செய்தவர். எழுபது வயதைக் கடந்தபின் மரம் ஏறுவதை விட்டாரேனும், காலையும் மாலையும் தோப்பைச் சுற்றி வருவதை அவர் விடவில்லை. அவருடைய ஒரே மகன் கல்லூரியிற் பயின்று, சென்னையில் ஓர் அலுவலகத்திற் பணிபுரிந்து வந்தார். அவருக்கு மக்கள் இருவர். மூத்தவள் எட்டாம் வகுப்பும், இளையவன் ஐந்தாம் வகுப்பும் முடித்திருந்தனர். மே மாதத் தொடக்கத்தில் குடும்பத்தார் நால்வரும் புகைவண்டி ஏறித் திருச்செந்தூரில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் ஊர் வந்து சேர்ந்தனர்.

தந்தையார் அம்முறை விடுமுறையை மட்டும் கருதி வந்தாரல்லர். நகரில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே இருந்தன. தோப்பின் வடபுறத்து நிலத்தை ஒருவர் விலைக்குக் கேட்டிருந்தார். அங்குள்ள பனைகளை வெட்டிச் செங்கற்சூளைக்கு விறகாக அனுப்பிவிட்டு, நிலத்தை மனைகளாகப் பிரிப்பது அவர் கருத்து. முதல்நாள் இரவு உணவுக்குப்பின் தந்தையார் இச்செய்தியை மெல்ல எடுத்துரைத்தார்.

“அப்பா, தோப்பில் அறுபது பெரிய மரங்கள் நிற்கின்றன. ஏறப்படுவன முப்பதே. மற்றவற்றில் ஏற ஆளில்லை. வடபுறத்தில் நிற்கும் மரங்களால் நமக்கு யாது பயன்? வெட்டுதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021ஆம் ஆண்டிலே அரசு அறிவித்துள்ளது. அதனைத் தாமே பெற்றுக்கொள்வதாக வாங்குபவர் கூறுகிறார். நீங்கள் சரி என்றால் போதும்” என்றார்.

பாட்டனார் உடனே விடை கூறவில்லை. சிறிது நேரம் முற்றத்து நிலவொளியை நோக்கியிருந்தவர், “குழந்தைகள் முதலில் தோப்பைப் பார்க்கட்டும், ஐயா. பிறகு பேசுவோம்” என்று மட்டும் கூறி எழுந்தார்.

மறுநாள் கதிரவன் எழுமுன்னரே சிறார் இருவரையும் பாட்டனார் எழுப்பினார். இளையவனுக்கு உறக்கம் கலையவில்லை. கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டே அவன் பின்தொடர்ந்தான். தோப்பை அடைந்தபோது, சித்தப்பா முறையாகும் உறவினர் ஒருவர் ஏறுதற்கு ஆயத்தமாக நின்றார். ஏறப்படும் முப்பது மரங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. இடுப்பில் அரிவாட்பெட்டி தொங்கியது. அதனுள்ளே பாளை சீவும் அரிவாள் இருந்தது. கால்களில் தளைநாரை மாட்டிக்கொண்டு, மரத்தை மார்போடு அணைத்தவாறு அவர் மேலேறினார். சிறுவன் அண்ணாந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தவன் கைப்பேசியைச் சட்டைப்பையில் இட்டுவிட்டான்.

“தாத்தா, மேலே சென்று அவர் என்ன செய்கிறார்?” என்று வினவினாள் பேர்த்தி.

பாட்டனார் முகம் மலர்ந்தது. அவர் விளக்கலானார்: “பனையில் ஆண் வேறு, பெண் வேறு, அம்மா. ஆண்பனையின் பூங்கதிர் விரல்போல நீண்டிருக்கும். அதனை அலகு என்போம். பெண்பனையின் பாளையிலே காய் பிடிக்கும்; அதுவே நுங்கு. ஆண் பெண் இரண்டிலும் பதநீர் இறக்கலாம். இளம்பாளையை இடுக்கிபோன்ற மரக்கருவியால் நாள்தோறும் மெல்ல நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். பிறகு அதன் நுனியை மெல்லியதாகச் சீவினால் சாறு சொட்டும். அதன்கீழ்க் கலயத்தைக் கட்டி வைப்போம். நாள்தோறும் காலையும் மாலையும் ஏறிச் சீவவேண்டும். ஒருநாள் சீவாது விட்டாலும் சீவிய வாய் காய்ந்து, சாறு வருவது குறைந்துவிடும். ஆதலால் பனையேறுபவனுக்கு இந்தப் பருவத்தில் விடுமுறை இல்லை.”

“கலயத்தின் உள்ளே வெள்ளையாகத் தெரிவது யாது?” என்றான் பேரன்.

“சுண்ணாம்பு, தம்பி. அதனைத் தடவினால் சாறு புளிக்காமல் இனிக்கும் பதநீர் கிடைக்கும். தடவாவிட்டால் அதுவே புளித்துக் கள்ளாகிவிடும். மரம் ஒன்றே, சாறும் ஒன்றே. ஒரு விரல் சுண்ணாம்பு அதன் குணத்தை மாற்றிவிடுகிறது.”

அப்பொழுது சித்தப்பா கீழிறங்கினார். பனையோலையை மடக்கிப் பட்டை செய்து, அதிலே புதிய பதநீரை வார்த்து, நுங்குத் துண்டுகளை இட்டுச் சிறார்க்குக் கொடுத்தார். ஓலையின் மணமும் பதநீரின் இனிமையும் ஒன்றுசேர்ந்த அச்சுவையை அவர்கள் முன்னர் அறிந்திலர். இளையவன் இரண்டாம் பட்டையும் கேட்டு வாங்கிப் பருகினான்.

மூத்தவள் கையிலே சிறு குறிப்பேடு ஒன்று வைத்திருந்தாள். “சித்தப்பா, ஒரு நாளில் எத்தனை மரங்கள் ஏறுகிறீர்கள்?” என்று கேட்டாள். “முப்பது மரங்கள், இரு வேளை” என்றார் அவர். மரம் ஒன்று ஏறத்தாழ நாற்பது அடி உயரம் என்று பாட்டனார் கூறினார். அவள் கணக்கிட்டாள். முப்பது மரங்களை இருமுறை ஏறினால் 2,400 அடி. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி உயரமுடையது என்று அவள் பள்ளியிற் படித்திருந்தாள். அவ்விமானத்தின் உயரத்தைப் பதினொரு முறைக்கும் மேலாக ஒருவர் நாள்தோறும் ஏறி இறங்குகிறார்! கணக்கின் விடையைக் கண்டவள் மீண்டும் ஒருமுறை பெருக்கிப் பார்த்தாள். பிழையில்லை. தலைநிமிர்ந்து சித்தப்பாவை நோக்கினாள். அவர் மார்பிலும் உள்ளங்கையிலும் தோல் காய்த்துத் தடித்திருந்தது. அவரோ அடுத்த மரத்தின் அடியிற் சென்று நின்றார்.

வெயில் ஏறத்தொடங்கியது. தோப்பின் ஓரத்தே ‘விடிலி’ என்னும் ஓலைக்குடில் இருந்தது. பதநீர் காய்ச்சும் இடம் அதுவே. அங்கே சித்தப்பாவின் மனைவியாரும் ஆச்சியும் அடுப்பு மூட்டியிருந்தனர். அன்று இறக்கிய பதநீரை அன்றே காய்ச்சிவிடவேண்டும், தாழ்த்தினால் புளித்துவிடும். வெளியே கோடை வெயில். உள்ளே அடுப்பின் அனல். காய்ந்த ஓலையையும் முள்விறகையும் இட்டு எரித்துக்கொண்டே இருந்தனர் அவ்விருவரும். பதநீர் பொங்கி வழியும் வேளையில், நசுக்கிய ஆமணக்கு வித்தைச் சிறிது இட்டார் ஆச்சி. பொங்கிய நுரை அடங்கியது. சிறுவன் வியந்தான்.

மணிக்கணக்கில் கொதித்தபின் நிறம் பழுத்துப் பாகு திரண்டது. பாகின் துளி ஒன்றை நீரிலே விட்டு, அது உருண்டு நிற்பதைக் கண்ட ஆச்சி, “பதம் வந்தது” என்றார். பின்னர் அதனைத் தேங்காய்ச் சிரட்டைகளில் வார்த்தனர். ஆறி இறுகியபின் சிரட்டையைக் கவிழ்த்தால் அரைவட்ட வடிவிற் கருப்பட்டி விழுந்தது. அன்று அடுப்பில் ஏறிய பதநீர் நாற்பது லிட்டர். கிடைத்த கருப்பட்டி ஐந்து கிலோ. எட்டு லிட்டர் சாறு ஒரு கிலோ கருப்பட்டியாகின்றது என்று மூத்தவள் எழுதிக்கொண்டாள். எழுதியபின் அவள் ஆச்சியின் முகத்தைப் பார்த்தாள். புகையால் அம்முதியவரின் கண்கள் சிவந்திருந்தன.

“ஆச்சி, கடையிலே கருப்பட்டி வாங்கும்போது விலை மிகுதி என்று அம்மா சொல்வதுண்டு” என்றாள்.

ஆச்சி சிரித்தார். “நானும் கடையில் வாங்கினால் அப்படித்தான் சொல்வேன், அம்மா. அடுப்பின் முன்னே உட்கார்ந்தவர்க்குத்தான் விலை தெரியும்” என்றார்.

நாட்கள் விரைந்து சென்றன. சிறார் ஊர்ப்பிள்ளைகளோடு கலந்து விளையாடினர். குடித்தெறிந்த நுங்குக் கூடுகள் இரண்டை ஒரு குச்சியாற் கோத்து வண்டியாக்கிக் கவைக்கோலால் தள்ளிக்கொண்டு, தேரியின் செம்மணலில் ஓடினான் இளையவன். மூத்தவளுக்கு ஆச்சி ஓலைப்பின்னல் கற்பித்தார். குருத்தோலையை வகிர்ந்து, ஈர்க்கு நீக்கி, ஒன்றன்மேல் ஒன்று மடக்கிப் பின்னும் திறத்தை அவள் இரு நாளிற் பழகினாள். முதலிற் பின்னிய பெட்டி ஒருபுறம் சாய்ந்திருந்தது. மூன்றாவது பெட்டி நேராக அமைந்தது. அப்பகுதியைச் சார்ந்த மணப்பாடு என்னும் கடற்கரையூரில் பெண்டிர் பலர் இத்தொழிலால் பொருளீட்டுகின்றனர் என்பதையும் ஆச்சி கூறினார்.

ஒருநாள் பிற்பகல், காற்றில் விழுந்த பழம்பனை ஒன்றை ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தனர். அடிமரத்தின் புறப்பகுதி இரும்புபோற் கருத்து உறுதியாய் இருந்தது. உட்பகுதியோ சோறுபோல் மென்மையாய் இருந்தது. “இதற்கு வயிரம் வெளியே இருக்கிறது. வேம்புக்கும் புளிக்கும் வயிரம் உள்ளே இருக்கும்” என்றார் பாட்டனார். எழுத்தறிவு மிகுதியும் பெறாத அம்முதியவர் தம் அரிவாளால் அறிந்த இவ்வுண்மையைத் தொல்காப்பியமும் கூறுகின்றது. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் அந்நூலின் மரபியல் வகுக்கின்றது. அவ்வகையாற் பனை புல்லினத்தைச் சாரும். நெல், கரும்பு, மூங்கில் ஆகியவற்றைப் போலப் பனையும் ஒருவித்திலைத் தாவரமே என்று இக்காலத் தாவரநூலார் கூறுவதும் இதனோடு ஒத்து நிற்கின்றது. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலிய சொற்களைப் புல்லினத்தின் உறுப்புப் பெயர்களாக அம்மரபியல் எடுத்துரைக்கின்றது. அச்சொற்கள் யாவும் அத்தோப்பிலே அன்றாடப் பேச்சில் உயிரோடு வழங்கி வந்தன. மூத்தவளின் குறிப்பேட்டில் அவை ஒவ்வொன்றாக ஏறின. தோப்பிற்கு வருமுன்னர் இலை என்னும் ஒரு சொல்லே அவள் அறிந்திருந்தாள்.

பனையோலை பெட்டிக்கும் விசிறிக்கும் மட்டும் பயன்பட்டதன்று. நம் முன்னோர் இயற்றிய நூல்களைப் பல நூற்றாண்டு சுமந்து வந்தது ஓலைச்சுவடியே. கேட்பாரற்று வீடுகளின் மூலையிற் கிடந்த சுவடிகளை ஊர் ஊராகச் சென்று தேடியவர் உ. வே. சாமிநாதையர். அவர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டிலும், புறநானூற்றை 1894ஆம் ஆண்டிலும் அச்சிற் பதிப்பித்தார். அவரைப் போன்றோர் வாயில்தோறும் சென்று “உங்கள் வீட்டில் ஏடு உண்டா?” என்று கேளாதிருந்தால், அந்நூல்களிற் பல செல்லுக்கு இரையாகியிருக்கும். ஏட்டுக்கு நேர்ந்த இடர் முதியோரின் நினைவுக்கும் நேர்வதுண்டு. ஏட்டையாவது செல் அரிக்கப் பல்லாண்டு ஆகும். கேட்பாரற்ற நினைவோ அதனை உடையவரோடு ஒரே நாளில் மறைந்துவிடும்.

தந்தையார் சென்னைக்குத் திரும்பும் நாள் அணுகியது. நிலத்தைப் பற்றிப் பாட்டனார் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை அவரே மகனையும் பேரக்குழந்தைகளையும் வடபுறத்துத் தோப்புக்கு அழைத்துச் சென்றார். வழியிலே மூத்தவள், பல நாளாக மனத்தில் வைத்திருந்த வினாவை எழுப்பினாள்.

“தாத்தா, அப்பாவுக்குப் பனையேறக் கற்றுக்கொடுத்தீர்களா?”

“இல்லை, அம்மா.”

“ஏன்?”

பாட்டனார் நின்றார். “மழையில் மரம் வழுக்கும். காற்றில் ஓலை அறையும். விழுந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்; அவருள் ஒருவர் என்னோடு தொழில் பழகியவர். என் பிள்ளை விழக்கூடாது என்றுதான் அவனைப் படிக்க வைத்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஏறாதவன் மரத்தையும் மறந்துவிடுவான் என்பதைத்தான் நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை” என்றார்.

தந்தையார் தலைகுனிந்து நடந்தார்.

தோப்பின் நடுவே பாட்டனார் ஒரு மரவரிசையைச் சுட்டினார். “தென்புறத்தில் நிற்கும் முதுமரங்கள் என் பாட்டனார் வைத்தவை. அவர் பதநீரைக் குடிக்கும் நாள்வரை அவர் இருக்கவில்லை, நான் குடித்தேன். நடுவில் இந்த வரிசை உன் அப்பா பிறந்த ஆண்டில் நான் வைத்தது. பனை பாளை விடப் பதினைந்து ஆண்டுக்கு மேலும் ஆகும். உன் அப்பா கல்லூரியில் சேர்ந்த ஆண்டிலேதான் இவை முதன்முதலாகப் பதநீர் தந்தன. அந்தக் கருப்பட்டியை விற்றுத்தான் கட்டணம் செலுத்தினேன்.”

இதனை மகனும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். தாம் விடுதியில் உண்ட உணவும் வாங்கிய நூல்களும் எங்கிருந்து வந்தன என்பதை அவர் பொதுவாக அறிவார். இன்ன மரம், இன்ன ஆண்டு என்று அறிந்திலர். தம்மோடு ஒத்த வயதுடைய அம்மரங்களுள் ஒன்றன்மேல் அவர் கை வைத்தார்.

பின்னர் அவர்கள் வட எல்லையை அடைந்தனர். அங்கே விசிறிபோல் ஓலை விரித்த இளம்பனைகள் இருபது நின்றன. இளம்பனையை வடலி என்பர். “இவை விழுந்த கொட்டையிலிருந்து தாமே முளைத்தவை என்றல்லவா நான் எண்ணியிருந்தேன்!” என்றார் தந்தையார்.

“தாமே முளைத்தவை இப்படி நேர்வரிசையில் நிற்குமா, ஐயா?” என்று கேட்டுப் பாட்டனார் புன்முறுவல் செய்தார். “இந்தப் பத்தும் பேர்த்தி பிறந்த ஆண்டில் வைத்தவை. அந்தப் பத்தும் பேரன் பிறந்த ஆண்டில் வைத்தவை. இவள் கல்லூரிக்குப் போகும் வயதில் இவை பாளை விடத் தொடங்கும். ஆணா பெண்ணா என்பது பாளை விடும்போதுதான் தெரியும். எதுவாயினும் பயன் ஒன்றே.”

இளையவன் தன் பத்து வடலிகளை எண்ணத் தொடங்கினான். ஓலையின் கருக்கு கையிற் கீறியதையும் பொருட்படுத்தாது ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினான்.

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. விலைபேசிய நிலம் அதுவே என்பது தந்தையாருக்கும் பாட்டனாருக்கும் தெரியும். இறுதியில் தந்தையார், “அப்பா, இதனை ஏன் முன்னமே என்னிடம் சொல்லவில்லை?” என்றார்.

“நீ கேட்கவில்லையே, ஐயா” என்றார் பாட்டனார். அவர் குரலிலே சினம் இல்லை.

அன்றிரவு முற்றத்தில் மீண்டும் அப்பேச்சு எழுந்தது. இம்முறை அதனைத் தொடங்கியவர் ஆச்சி. “பணத்துக்கு முடை இருப்பது உண்மைதான். அதனை மறைக்க வேண்டா. ஏற ஆளில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பதநீர் ஒன்றுதானா பனையின் பயன்? பெண்பனைகளின் நுங்கைக் குத்தகைக்கு விடலாம். மரத்துக்கு ஊறு நேராமல் எடுக்கும் ஓலையைப் பெட்டி முடைபவர்கள் வாங்குவார்கள். சூளைக்காரர் ஒருமுறை பணம் தருவார். மரம் ஆண்டுதோறும் தரும். தொகை சிறிது என்பாய். சிறிதுதான். ஆனால் நின்று தரும்” என்றார்.

தந்தையார் கணக்கிட்டுப் பார்த்தார். ஆச்சி கூறிய வழியில் வருவது, நிலத்தை விற்று வரும் தொகைக்கு ஈடாகாது என்பது தெளிவு. எனினும் அவர் குறிப்பேட்டை மூடிவிட்டு, “வடபுறத்தை விற்க வேண்டா, அப்பா. கட்டணத்துக்கு வேறு வழி பார்க்கிறேன்” என்றார். பாட்டனார் தலையசைத்தார். அதன்பின் மழையைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தனர்.

தந்தையார் சென்றபின்னும் தாயாரும் சிறாரும் மே இறுதிவரை அங்கே தங்கினர். புறப்படும் நாளில் ஆச்சி ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி அடுக்கிக் கொடுத்தார். பெட்டி மூத்தவள் முடைந்தது. இளையவனோ, “தாத்தா, எனக்குப் பனங்கொட்டை வேண்டும். நான் ஒரு வரிசை வைப்பேன்” என்று பிடிவாதம் செய்தான்.

“இப்போது அதற்குப் பருவம் அன்று, தம்பி. ஆவணியில் பழம் பழுத்து விழும். புரட்டாசியில் கொட்டையை ஊன்றினால், ஐப்பசி மழையில் முளை இறங்கும். பனையின் முதல் முளை மேலே வாராது, கீழேதான் போகும். அதுவே கிழங்காகும். வேரை உறுதி செய்துகொண்ட பிறகே ஓலை வெளியே தலைகாட்டும்” என்றார் பாட்டனார்.

“புரட்டாசி என்றால் காலாண்டு விடுமுறை அல்லவா?” என்றாள் மூத்தவள்.

சென்னை சேர்ந்த மறுநாள் தந்தையார் கேட்ட முதற்கேள்வி, காலாண்டுத் தேர்வு எந்நாளில் முடிகிறது என்பது. செப்டம்பர் மாதத்துப் புகைவண்டிக்கு நான்கு இருக்கைகளை முன்பதிவு செய்யும் பொருட்டு அவர் அதனைக் கேட்டார்.

மாணவர்களே, ‘கேள்வி’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. வினவுதல் ஒன்று, சான்றோர் வாய்ச்சொல்லைக் கேட்டறிதல் மற்றொன்று. திருவள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் கூறியபின் கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று இணைந்தவை. வினவாதவர்க்குக் கேட்டறியும் வாய்ப்பு அமைவது அரிது. அத்தோப்பிலே ஒரு சிறுமி குறிப்பேட்டோடு நின்று ஒவ்வொன்றாக வினவினாள். அதனால் ஓர் உழைப்பாளியின் நாட்கணக்கும், அடுப்பின்முன் அமர்ந்தவர் பட்ட பாடும், ஒரு மரவரிசையின் பிறப்பும் வெளிப்பட்டன. இருபது வடலிகள் கோடரிக்குத் தப்பின.

எல்லார்க்கும் பனந்தோப்புடைய பாட்டனார் வாய்ப்பதில்லை. உங்கள் பாட்டனார் நெசவாளராயிருக்கலாம், மீன்பிடிப்பவராயிருக்கலாம், ஆலையில் உழைத்தவராயிருக்கலாம், நகரத்தின் குறுந்தெருவிலே வாழ்பவராயுமிருக்கலாம். அவர்பாலும் ஒரு தொழிலின் நுட்பங்களும், ஒரு காலத்தின் செய்திகளும், வேறெங்கும் கேட்டற்கரிய சொற்களும் இருக்கும். வரும் விடுமுறையில் அவரோடு வெளியே சென்று, மரநிழலிலோ திண்ணையிலோ அமர்ந்து, அவர் செய்த தொழிலைப் பற்றி ஒரு வினா எழுப்புங்கள். விடை வருங்காற் பொறுமையோடு கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். பனை நட்டவர் அதன் பயனைத் தாம் துய்க்கக் கருதுவதில்லை. மூன்றாம் தலைமுறைக்கே நடுகின்றார். அம்மூன்றாம் தலைமுறை நீங்களே.